தோளை வருத்தாத துடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி விரிந்துள்ள தொழிற்பகுதியில் வாரம் முழுவதும் ஷிஃப்ட் முறையில் உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் கோவளம் கடற்கரைக்கோ முட்டுக்காடு உப்பங்கழிக்கோ செல்பவர்களுக்கு, பலகைமேல் நின்றபடி துடுப்பு வலிக்கும் விளையாட்டு எட்டாத தொலைவில் இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஒரகடத்தின் ஊடாகவே செல்கிறது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம் என்று போனால் ஒரகடத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரி அதைவிட மிக அருகில் இருந்தாலும் அது சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம், பலகையை இறக்குவதற்கான இடமன்று. கோவளத்திலோ இந்த விளையாட்டுக்கு ஒரு மரபே உருவாகியுள்ளது: மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் அங்கு அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார், துடுப்பு வலிக்கும் போட்டிகளில் தேசியப் பட்டம் வென்ற சேகர் பச்சையும் அதே ஊரைச் சேர்ந்தவர், அந்தக் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்றும் பெற்றது. பயிற்சிப் பள்ளிகளில் இந்த விளையாட்டை எஸ்.யூ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த அத்தியாயத்திலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

பலகை வாங்குவதற்குப் பல நாள் விசாரிப்பவர்கள்கூட, துடுப்பைப் பலகையோடு வந்ததாலேயே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். தோளைப் பொறுத்தவரை இது தலைகீழான வரிசை. பலகை உடலைத் தாங்குகிறது. துடுப்போ ஒவ்வொரு வலிப்பிலும் உடலிடமிருந்து விசையைக் கேட்கிறது. மேலும், நல்ல துடுப்பு என்றால் விலையுயர்ந்த கார்பன் துடுப்பு என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், தோளின் சுமையைப் பெரிதும் தீர்மானிப்பவை துடுப்பின் நீளமும் தகட்டின் பரப்புமே. இவ்விரண்டையும் சரியாகத் தேர்வதற்குப் பெரும்பாலும் கூடுதல் செலவே இல்லை. எடையைக் குறைப்பதற்கே பணம் தேவைப்படுகிறது. ஆகவே அது வரிசையில் மூன்றாவதாகவே வர வேண்டும்.

தோளில் எங்கே நோகிறது

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. புயத்து எலும்பின் உருண்டையான தலையை அந்தக் குழியில் நிலைநிறுத்தும் வேலையை எலும்பைவிடத் தசைகளே மிகுதியாகச் செய்கின்றன. தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, அந்தத் தலையைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் நான்கு தசைகளையும் அவற்றின் நாண்களையும் சேர்த்து மருத்துவர்கள் ரொடேட்டர் கஃப் என்பார்கள். அவற்றுள் மேலாகச் செல்லும் நாண், தோளின் நுனியில் கூரைபோல் நீண்டிருக்கும் எலும்பின் அடியில், ஒரு குறுகிய இடைவெளியின் வழியே செல்கிறது. கை தோள்மட்டத்தை நெருங்கி உயரும்போதும், உயர்ந்த நிலையில் உட்புறமாகத் திரும்பும்போதும் அந்த இடைவெளி மேலும் குறுகுவதால், நாணும் அதற்கு மேலுள்ள மெல்லிய நீர்மப் பையும் நசுங்கி உராய்கின்றன. நாள்தோறும் இது நிகழ்ந்தால் அழற்சி தோன்றுகிறது.

தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் பணிபுரிவோர்க்கு இது புதிய செய்தியல்ல. மேலே தொங்கும் கன்வேயரில் வரும் வண்டியின் அடிப்பகுதியில் அண்ணாந்து போல்ட் முடுக்குபவரின் கைகள் ஒரு ஷிஃப்டில் பலமுறை தோள்மட்டத்தைத் தாண்டுகின்றன. அசையாத வேலை நிலைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11226 தரநிலையோ, புயம் 60 பாகைக்கு மேல் உயர்ந்தபடி நிற்பதைப் பரிந்துரைப்பதில்லை. கைபேசி உதிரிகளைப் பொருத்தும் மேசைப் பணியில் கைகள் தாழ்ந்தே இருந்தாலும், கழுத்தைக் குனிந்து முன்னங்கைகளை நீட்டிய நிலையிலேயே நெடுநேரம் கழிவதால் கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தசை இறுகிவிடுகிறது. இறுகிய தசையோடு கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பு சரிவரத் திரும்புவதில்லை. எனவே இவ்விரு வகையினரும் துடுப்பைக் கையில் எடுக்கும்போதே அவர்களது தோளின் தாங்குதிறனில் ஒரு பங்கு செலவாகியிருக்கிறது. கனமான முடுக்குக் கருவியின் எடையை லைனில் ஸ்பிரிங் பேலன்ஸர் தாங்கிக்கொள்கிறது. துடுப்புக்கு அப்படி ஒரு தாங்கி கிடையாது.

எஸ்.யூ.பி. வலிப்பில் ஒரு கை துடுப்பின் உச்சியிலுள்ள பிடியை முன்னோக்கி அழுத்த, மற்றொரு கை தண்டைப் பின்னோக்கி இழுக்கிறது. இவற்றுள் இடர் மிகுந்தது மேற்கை. முழங்கை மடங்கி, புயம் தோள்மட்டத்தில் நின்று, முன்னங்கை உட்புறமாகத் திரும்பியிருக்கும் அந்த நிலை, நாண் நசுங்குகிறதா என்று கண்டறிய மருத்துவர்கள் செய்யும் ஹாக்கின்ஸ்–கென்னடி சோதனையின் நிலையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. சோதனையில் ஒரு முறை செய்வதை, நீளம் தவறிய துடுப்போடு செல்பவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை செய்கிறார்.

துடுப்பு வாங்கும் முன் ஒரு சிறு பரிசோதனையை எவரும் செய்துகொள்ளலாம். கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தலைக்கு மேல்வரை உயர்த்தும்போது, ஏறக்குறைய 60 முதல் 120 பாகைவரையிலான நடுப்பகுதியில் மட்டும் வலி தோன்றி, அதற்கு மேல் தணிந்தால், அது ரொடேட்டர் கஃப் நாண் உறுத்தப்படுவதன் பழக்கமான அடையாளமாகும். இரவில் அந்தப் பக்கமாகப் படுக்க இயலாமை இருந்தாலோ, கையை உயர்த்தும் வலிமையே குறைந்திருந்தாலோ, முதலில் பார்க்க வேண்டியது எலும்பு மருத்துவரையே. எந்தத் துடுப்பும் மருத்துவம் ஆகாது.

நீளம்

பழைய அறிவுரைகள், துடுப்பின் நீளம் வலிப்பவரின் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும் என்றன. கையைத் தலைக்கு மேல் நீட்டி, மடக்கிய மணிக்கட்டு எட்டும் உயரத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் ஏறத்தாழ அதே அளவையே தருகிறது. நெடுந்தூரத்தை நிமிர்ந்து நின்றபடி கடக்க விரும்பும் நல்ல தோளுடையவர்க்கு அது பொருந்தலாம். தோள் நோவுடையவர்க்கு அது மிகை. உயரத்தோடு 15 சென்டிமீட்டர் கூட்டிய அளவிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் 10 சென்டிமீட்டர்வரை இறங்குவதே அவர்க்குத் தக்கது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்க்குப் பழைய முறை 185 முதல் 190 வரை சொல்ல, இந்த முறை 175 முதல் 180 வரையில் நிற்கிறது. பத்து சென்டிமீட்டர் வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும், மேற்கை நெற்றிக்கு மேலே செல்வதா, வாய்க்கு நேராக நிற்பதா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

எண்களைவிட நம்பத்தக்க அளவுகோல் நீரிலேயே கிடைக்கிறது. தகடு அதன் கழுத்துவரை, அதாவது தண்டும் தகடும் சேருமிடம்வரை, நீரில் மூழ்கியிருக்கும்போது மேற்பிடியிலுள்ள கை மோவாய்க்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு மேல் சென்றால் துடுப்பு நீளம். தகட்டைப் பாதி மட்டும் நனைத்துவிட்டு அளந்தால் எந்தத் துடுப்பும் நீளமாகவே தோன்றும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காற்றடைத்த பலகைகள் பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனுள்ளவை, கெட்டிப் பலகையைவிட நீருக்கு மேல் உயர்ந்து மிதப்பவை. எனவே அவற்றில் நிற்பவர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம்.

நீளத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. துடுப்பு மிகக் குட்டையானால், தகட்டை மூழ்கடிக்க ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைக்க நேர்ந்து, தோளில் இறக்கிய சுமை கீழ்முதுகில் ஏறிவிடுகிறது. நாள் முழுவதும் கான்கிரீட் தரையில் நின்று பணிபுரிபவர்க்கு இந்தப் பண்டமாற்று ஆதாயமானதன்று. முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பு மூட்டிலிருந்து சிறிதே முன்சாய்ந்தால் தகடு மூழ்க வேண்டும். முதுகு வளைந்தால்தான் மூழ்குகிறது என்றால் எல்லை கடந்துவிட்டது.

உயரம் குறைந்த பெண்கள் நீளத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இப்பகுதியின் மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண் பணியாளர்களே மிகுதி. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்க்குத் தேவையான நீளம் 160 முதல் 165 வரைதான். பலகையோடு சேர்த்து விற்கப்படும், நீளம் மாற்றத்தக்க துடுப்புகளில் பலவோ முழுவதும் சுருக்கிய நிலையிலேயே 165 அல்லது 170 சென்டிமீட்டர் இருக்கின்றன. வாங்குபவர்கள் அதிகபட்ச நீளத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது குறைந்தபட்ச நீளத்தை.

தகட்டின் பரப்பு

தகடு என்பது நீரைத் தள்ளும் அகன்ற கீழ்ப்பகுதி. அதன் பரப்பைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சதுர அங்குலத்திலேயே குறிக்கிறார்கள். 80 சதுர அங்குலம் ஏறத்தாழ 516 சதுர சென்டிமீட்டர், 100 என்பது 645. உடல் எடை 65 கிலோவுக்குள் இருப்பவர்க்கு 80 முதல் 85 சதுர அங்குலமும், அதற்கு மேல் 85 கிலோவரை 85 முதல் 95 வரையும் போதுமானவை; 100ஐத் தாண்டுபவை பருத்த உடலினருக்கும் வலிமை மிகுந்த போட்டியாளருக்கும் உரியவை. தோள் நோவுடையவர், தம் எடைக்குரிய வரம்பின் கீழ்முனையையே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய தகடு நீரில் குறைவாகவே நழுவுவதால் ஒவ்வொரு வலிப்பிலும் பலகை அதிகம் முன்செல்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுமை முழுவதும், தகடு நீரைக் கவ்வும் முதற்கணத்தில், கைகள் நீண்டு தோள் மிகவும் பலவீனமாக இருக்கும் நிலையில் வந்து விழுகிறது. சிறிய தகடு அந்த அதிர்ச்சியைக் குறைத்து, நிமிடத்திற்கு இன்னும் சில வலிப்புகளை மட்டும் கூடுதலாகக் கேட்கிறது. கனமான வலிப்புகள் சிலவற்றைவிட இலேசான வலிப்புகள் பலவே நாணுக்கு உகந்தவை. வேகம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் தொடக்கக்காரரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. உப்பங்கழியில் யாரும் யாரையும் துரத்துவதில்லை.

பரப்பு குறிக்கப்படாத துடுப்பானால், தகட்டை வரைபடத்தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, சதுர சென்டிமீட்டர்களை எண்ணிக் கூட்டலாம். வடிவத்தில் இரு செய்திகள் கவனத்திற்குரியவை. தகட்டின் முகத்தில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய முகடு ஓடினால், நீர் இருபுறமும் சமமாகப் பிரிந்து வழியும். முகடற்ற குழிந்த தகடு நீரை உறுதியாகப் பற்றினாலும், அனுபவமற்றவர் கையில் இடம் வலமாக நடுங்கும், அந்த நடுக்கத்தை அடக்கத் தண்டை இறுக்கிப் பிடிக்க நேரும், இறுக்கம் முன்னங்கையிலிருந்து தோள்வரை ஏறும். மற்றது சாய்வு: தகடு தண்டின் நேர்க்கோட்டில் இராமல் 7 முதல் 12 பாகை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கரண்டியால் அள்ளுவதைப் போல அந்தச் சாய்வைத் தம் பக்கமாகத் திருப்பிப் பிடிப்பவர்கள் ஏராளம். அவ்வாறு பிடித்தால், வலிப்பின் முடிவில் தகடு நீரைப் பின்தள்ளாமல் மேலே தூக்குகிறது. தோளில் ஏறும் சுமையோ வீணான சுமை. புதிய துடுப்பு வாங்கியும் நோவு தீராதவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தண்டும் எடையும் பிடியும்

அலுமினியத் துடுப்பு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். கண்ணாடியிழைத் துடுப்பு 700 முதல் 900 கிராம். கார்பன் இழைத் துடுப்பு 450 முதல் 650 கிராம். நிமிடத்திற்கு 40 வலிப்பு என்று கொண்டால் ஒரு மணி நேரத்தில் 2400 வலிப்பு. வலிப்புக்கு ஒருமுறை துடுப்பை நீரிலிருந்து தூக்கி முன்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், 400 கிராம் வேறுபாடு ஒரு மணி நேரத்தில் 960 கிலோவாகத் திரள்கிறது. இந்தக் கணக்கு கார்பனுக்கு ஆதரவாகவே பேசுகிறது. ஆயினும் கார்பன் தண்டு பொதுவாக விறைப்பானது. விறைத்த தண்டு, தகடு நீரைக் கவ்வும் கணத்தின் அதிர்ச்சியை வளைந்து உள்வாங்காமல் கைக்கு அப்படியே கடத்துகிறது. ஆகவே பெரிய தகடும் விறைத்த கார்பன் தண்டும் சேர்ந்த விலையுயர்ந்த துடுப்பைவிட, சிறிய தகடும் சற்றே வளையும் கண்ணாடியிழைத் தண்டும் கொண்ட நடுத்தர விலைத் துடுப்பு தோளுக்கு நல்லது. பணம் தடையில்லாதவர், கார்பனிலேயே வளைவு மிகுந்ததென்று குறிக்கப்பட்ட தண்டையோ, கார்பனும் கண்ணாடியிழையும் கலந்த தண்டையோ தேடலாம்.

மொத்த எடையைப் போலவே எடை எங்கே உள்ளது என்பதும் முக்கியம். தகட்டின் பக்கம் கனத்த துடுப்பு, தராசில் இலேசாகக் காட்டினாலும் வீசும்போது கனக்கும். சம நீளமுள்ள இரு துடுப்புகளை ஒப்பிட, மேற்பிடியை ஒரு மேசை விளிம்பிலும் தகட்டின் முனையை அதே உயரத்தில் வைத்த சமையலறைத் தராசிலும் கிடத்தி, தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளலாம். குறைவாகக் காட்டுவதே தோளுக்கு இணக்கமானது. தண்டின் விட்டம் பெரும்பாலும் 26 முதல் 30 மில்லிமீட்டர். சிறிய உள்ளங்கையினர் பருத்த தண்டை விரல்களால் இறுக்கியே நிற்க வேண்டியிருப்பதால் 26க்கு அருகிலுள்ளதைத் தேர்வது நல்லது. வெர்னியர் காலிப்பரைக் கையாளத் தெரிந்தவர்கள் நிறைந்த வட்டாரத்தில் இதைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. மேற்பிடி, விரல்களால் கவ்வும் குறுக்குத்தடியாக இல்லாமல், உள்ளங்கை படிந்து அழுத்தத்தக்க உருண்ட வடிவில் இருந்தால் மணிக்கட்டு நேராக நிற்கும்.

நீளம் மாற்றத்தக்க துடுப்பின் பூட்டில் உப்பும் மணலும் புகுந்தால், குறிப்பாக அலுமினியத் தண்டில், வெண்பொடி பூத்து இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றி நல்ல நீரில் அலசி, பிரித்தபடியே உலர்த்த வேண்டும்.

வாங்குமுன் சோதித்தல்

கோவளத்துப் பயிற்சிப் பள்ளியில் நீளம் மாற்றத்தக்க துடுப்பொன்றை வாடகைக்கு எடுத்து, உயரத்தோடு 15 சென்டிமீட்டர் கூட்டிய அளவில் தொடங்கி, கால் மணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டிரண்டு சென்டிமீட்டராகக் குறைத்துப் பார்ப்பது, எந்த அட்டவணையைவிடவும் பயன் தருவது. சோதனைக்குக் கடலைவிட உப்பங்கழி ஏற்றது, அலையில் தடுமாறும்போது துடுப்பின் குணம் தெரியாமல் போகும் என்பதால். முட்டுக்காட்டின் ஆழம் குறைந்த இடங்களில் தகடு மணல்திட்டில் இடித்தால் அந்த அடி நேரே தோளில் இறங்கும்; நீரின் நிறம் வெளுக்கும் இடங்களை விலக்கிச் செல்ல வேண்டும். தீர்ப்பை அன்று மாலையே எழுதிவிடவும் கூடாது. துடுப்பு வலித்த மறுநாள் காலை கையை உயர்த்தும்போது தோள் என்ன சொல்கிறது என்பதே தீர்ப்பு. இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு நேரே கடற்கரைக்குச் செல்பவரின் சோதனை நம்பத்தக்கதன்று. களைத்த தோளுக்கு எல்லாத் துடுப்பும் கனம்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுகிறது. தென்மேற்குப் பருவ மாதங்களிலோ, காலையில் நிலத்திலிருந்து வீசும் மேல்காற்று பலகையைச் சத்தமின்றிக் கடலுக்குள் கொண்டுபோகும். அப்போது கடல் கண்ணாடியாகத் தெரிவதே ஏமாற்று. எதிர்காற்றில் கரைக்குத் திரும்பும் அரை மணி நேரம், மிகச் சரியாகத் தேர்ந்த துடுப்பையும் தோளுக்குப் பகையாக்கிவிடும். ஆகவே செல்லும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது அதன் துணையோடும் வருமாறு வழியை அமைப்பதும், கணுக்கால் கயிற்றையும் மிதவைச் சட்டையையும் அணிவதும் கட்டாயம். காற்று மிகுந்துவிட்டால் பலகையில் மண்டியிட்டு, தண்டைத் தாழப் பிடித்து வலிக்கலாம். எழுந்து நின்றே தீர வேண்டும் என்ற விதி இல்லை.

சோதனையில் நீளம் உறுதியான பிறகு, ஒரே துண்டாலான துடுப்பை வாங்குவது சிறந்தது; பூட்டு இல்லாததால் இலேசானது, ஆட்டமும் இல்லாதது. இவை பெரும்பாலும் நீண்ட தண்டோடும், ஒட்டப்படாத மேற்பிடியோடும் வருகின்றன. மேற்பிடியைப் பொருத்திய நிலையில் மொத்த நீளத்தை அளந்து, வெட்டுக்கோட்டைக் குறித்து, அதைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இறுக்கி ஒட்டி, நுண்பல் ஹாக்ஸாவால் தண்டைச் சுற்றிச் சுற்றி மெதுவாக அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அழுத்தி அறுத்தால் இழைகள் பிளவுபடும். கார்பன் தூள் மூச்சுக்குழலுக்கும் தோலுக்கும் கேடு என்பதால், திறந்த வெளியில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தண்டை ஈரத்துணியால் துடைத்தபடி இதைச் செய்ய வேண்டும். முதல் வெட்டில் முடிவான அளவைவிட 3 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, மேற்பிடியை டேப்பால் தற்காலிகமாக இறுக்கி, கரையோர ஆழமற்ற நீரில் ஓரிரு முறை வலித்துப் பார்த்த பின்னரே இரண்டாம் வெட்டைப் போட வேண்டும். மேற்பிடியை ஒட்டுவதற்கு எபாக்ஸியைவிட, சூடாக்கினால் இளகும் ஹாட் மெல்ட் பசையே ஏற்றது. தகட்டின் முகமும் பிடியின் குறுக்கும் ஒன்றுக்கொன்று நேராக உள்ளனவா என்று தரையில் கிடத்திப் பார்த்துவிட்டு ஒட்டினால், பின்னர் ஹாட் ஏர் கன்னால் இளக்கித் திருத்தும் வேலையும் மிச்சமாகும்.